திறந்த வெளியும் மூடிய படலையும்: யாழ்ப்பாணக் கிராமங்களின் திரைப்பட இரவுகள்

கிராமத்தின் திறந்த வெளியில் சிறு கூட்டமொன்று நிலத்தில் அமர்ந்து படம் பார்க்கும் இரவைப் பற்றிப் பேசுவோர் இரு வகையினர். ஒரு சாரார் அதனைப் புகழ்வர். பனைகளுக்கு இடையே கட்டிய வெள்ளைத் துணி, மேலே விண்மீன்கள், கீழே பாய், சுற்றிலும் உற்றார் உறவினர். நகரம் இழந்துவிட்ட கூட்டு வாழ்வை இவ்விரவு மீட்டுத் தரும் என்பது அவர்தம் கூற்று. மற்றொரு சாரார் அதனை இகழ்வர். பொழுதுபோக்குக்கு மேல் அதில் யாதுமில்லை, கிராமத்தார் கேட்பதும் பெறுவதும் சென்னைப் படத்தின் சண்டையும் பாட்டுமே என்பது அவர்தம் முடிபு. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பவராகத் தோன்றினும், ஒரு கேள்வியைக் கேளாது விடுவதில் ஒன்றுபட்டு நிற்கின்றனர். அத்துணி கட்டப்பட்ட நிலம் யாருடையது? அந்நிலத்துக்குள் அழைப்பின்றி வரக்கூடியவர் யார்? அழைத்தாலும் வரத் தயங்குபவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை காணாத புகழ்ச்சியும் இகழ்ச்சியும் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை வெறுஞ் சொற்களே.

திறந்தவெளிக் காட்சியின் பெறுமதியை மதிப்பிடுவதற்கு முன்னர், மூடிய மண்டபம் செய்த வேலையை அறிதல் வேண்டும். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியான தமது சிறு நூலில், தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பாடற் சாதனமாக ஆராய்ந்தபோது, முக்கியமானதொரு உண்மையைச் சுட்டினார். தமிழர் யாவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதலாவது ஆற்றுகைக் களம் சினிமாக் கொட்டகையே என்பதும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணமே என்பதும் அவர் கருத்தின் சாரம். கோவிலின் உள்வீதியிலும் சதிர் நிகழ்ந்த மாளிகையிலும் கிட்டாத சமத்துவம், கலரியின் மரவாங்கில் கிட்டிற்று. அது பணத்தின் சமத்துவமே. முழுமையான சமத்துவம் அன்று. ஆயினும், பிறப்பின் படிநிலைக்குப் பதிலாகச் சீட்டின் படிநிலை வந்ததென்பது சிறிய மாற்றமன்று.

இக்கூற்றின் ஆழத்தை யாழ்ப்பாணத்தார் பிறரினும் நன்கு உணர்வர். சமூகக் குறைபாடுகளைத் தடுப்பதற்கான சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய பின்னரும், தேநீர்க் கடைகளிலும் ஆலயங்களிலும் கதவு திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் நிகழ்ந்த போராட்டமும் அக்கதவுகளைத் தட்டிய கைகளின் வரலாறாகும். அதே ஆண்டுகளில் யாழ் நகரின் வெலிங்டன், றீகல், வின்சர், ராணி, மனோகரா முதலிய கொட்டகைகளில் சீட்டுப் பெற்றவர் எவரும் உள்ளே சென்றனர். விளக்கணைந்ததும் அருகிருப்பவர் யாரென்பது மறைந்தது. கோவில் வாசலில் மறுக்கப்பட்டவர் கொட்டகை வாசலில் மறுக்கப்படவில்லை. கொட்டகையை மலினக் கேளிக்கையின் இடமென இகழ்ந்த கற்றோர், அவ்விடம் தம் ஊர்க் கோவிலினும் ஒரு வகையில் நாகரிகம் மிக்கதாய் இருந்ததைக் கவனிக்கத் தவறினர்.

இனி, கொட்டகையின் சுவர்களை நீக்கிப் படத்தைக் கிராமத்து வெளியில் காட்டும்போது நிகழ்வது யாது? சுவரோடு சீட்டும் போய்விடுகின்றது. சீட்டுப் போனதும் சமத்துவம் மிகும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், நடைமுறை அதற்கு மாறானது. சீட்டு இல்லாத இடத்தில், யார் வரலாம், எங்கே இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நிலத்துக்கு உரியவரிடம் போய்ச் சேர்கின்றது. யாழ்ப்பாணத்தில் உரிமையாளர் அற்ற வெளி என்று ஒன்று கிடையாது. கிடுகு வேலியும் பனையோலை வேலியும் பின்னர் வந்த மதிலும் ஒவ்வொரு காணியையும் வகுத்து நிற்கின்றன. ஒழுங்கைகள் ஒவ்வொரு குறிச்சியையும் வகுத்து நிற்கின்றன. பொதுவெளி எனப்படுவன கோவில் வீதி, பாடசாலை மைதானம், சனசமூக நிலையத்து முற்றம், கரையோரத்து மணல், அறுவடை முடிந்த வயல் ஆகியனவே. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிருவாக சபையோ, ஒரு குறிச்சியோ, ஒரு குடும்பமோ உரிமை கொண்டாடுகின்றது. வானம் திறந்திருப்பதனால் படலையும் திறந்திருப்பதாகக் கொள்வது பேதைமை.

குடாநாட்டின் இரவு நிகழ்ச்சிகளின் வரலாறு இதனை நன்கு விளக்கும். திரைப்படம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இம்மண்ணில் விடியும்வரை விழித்திருந்து ஆற்றுகை பார்க்கும் வழக்கம் இருந்தது. மாரியம்மன் கோவில்களில் காத்தவராயன் கூத்து, கத்தோலிக்கக் கரையோரக் கிராமங்களில் நாட்டுக்கூத்து, திருவிழாக்களில் வில்லுப்பாட்டும் சின்னமேளமும், வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் போன்ற இசை நாடகங்கள் ஆகியவை யாவும் பாயில் அமர்ந்தும், குழந்தையை மடியில் உறங்கவைத்தும் பார்க்கப்பட்டன. இவ்வழக்கத்தின் மேலேயே பின்னர் திரை வந்து அமர்ந்தது. 1980களில் மத்திய கிழக்கு நாடுகளிலிருந்து வந்த வீடியோக் கருவிகள் பெருகியபோது, தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் இரவு வாடகைக்குக் கிடைத்தன. கலியாண வீட்டிலும், பூப்புனித நீராட்டு வீட்டிலும், கோவில் வீதியிலும் ஓரிரவில் மூன்று படங்கள் ஓடின. கூத்தில் ஊரார் கலைஞராகவும் பார்வையாளராகவும் இருந்தனர். வீடியோவில் பார்வையாளராக மட்டும் எஞ்சினர். எனினும், முற்றத்தின் உரிமை இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது. திருவிழா உபயகாரர் படத்தைத் தெரிவு செய்தார். வீட்டுக்காரர் வேலியோரம் நின்று பார்ப்பவரை விட்டும் வைத்தார், விரட்டியும் வைத்தார். உள்ளே பாயில் இருந்தவரும் வேலிக்கு வெளியே பொட்டுக்குள்ளால் பார்த்தவரும் ஒரே படத்தையே பார்த்தனர். அவர்கள் பெற்ற அனுபவம் ஒன்றன்று.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எரிபொருள், மின்கலம் முதலிய பொருள்கள் தடுக்கப்பட்டன. சிறு போத்தலில் திரியிட்ட மண்ணெண்ணெய் விளக்கில் மாணவர் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். அவ்விருளில் திரையொளி அரிதான பொருளாயிற்று. மின்பிறப்பாக்கியை இயக்கும் வல்லமை உடையவரே படம் காட்டும் வல்லமையும் உடையவராயினர். விடுதலைப் புலிகளின் நிதர்சனம் தயாரித்த படங்களும் ஒளிவீச்சு என்னும் காணொளிச் சஞ்சிகையும் கிராமங்களில் காட்டப்பட்டன. மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். வேறெதுவும் காணக் கிடைக்காத காலத்தில் தம் மண்ணையும் தம் பேச்சையும் திரையிற் கண்ட உணர்ச்சியை எளிதில் புறக்கணித்தல் தகாது. அதே வேளை, எதனைக் காட்டலாம், எதனைக் காட்டலாகாது என்பதை இயக்கமே தீர்மானித்தது என்பதும், காட்சிக்குப் பின்னர் வேறு கருத்தைச் சொல்ல அவ்வெளியில் இடமிருக்கவில்லை என்பதும் மறைக்கத் தக்கனவல்ல. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அவ்வெளிகளும் வெறுமையாயின.

போருக்குப் பின்னர் உரிமையாளர் மாறினர், உரிமை மாறவில்லை. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையிலேயே, அதாவது இருபத்தேழு ஆண்டுகளின் பின்னரே, அவ்வூரார் கைக்கு வந்தது. தம் ஊர்க் கடற்கரையில் ஒரு துணியைக் கட்டிப் படம் பார்ப்பதற்கு ஒரு தலைமுறை முழுதும் காத்திருந்த மக்களிடம் சென்று, திறந்த வெளியின் அழகைப் பற்றிப் பேசுபவர் முதலில் வெட்கப்பட வேண்டும். இன்று தொண்டு நிறுவனமொன்று விழிப்புணர்வுப் படம் காட்ட வருமாயின், அதன் பெயர்ப் பதாகை திரையிலும் பெரிதாக நிற்கின்றது. வெளிநாட்டிலிருந்து ஊர்ச் சங்கமொன்று பணம் அனுப்புமாயின், அதன் நன்றியுரை படத்திலும் நீளமாகின்றது. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, முன்வரிசையில் பிரமுகருக்குப் பிளாஸ்ரிக் கதிரை, பின்னால் ஊரவருக்கு நிலம் என்பதே நடைமுறை. இவ்வமைப்பைக் கண்டும் ‘நெருக்கமான இரவு’ என்று உருகுபவர், யாருக்கு யார் நெருக்கம் என்பதை எண்ணிப் பார்த்தாரல்லர்.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும். அது வலுவானது, ஆதலால் தட்டிக் கழிக்கத் தகாதது. கொட்டகையின் விடுதலை அதன் இருளிலும் முகமின்மையிலும் இருந்ததென்றால், அறுபது பேர் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்த கிராமத்து முற்றத்தில் அவ்விடுதலை எங்ஙனம் கிட்டும்? மாமனும் மச்சானும் வாத்தியாரும் ஐயரும் பார்த்திருக்க, இளம்பெண் ஒருத்தி தான் விரும்பிய இடத்தில் விரும்பியவாறு சிரிக்கவோ அழவோ முடியுமா? சிறு கூட்டம் என்பது அன்பின் வட்டம் மட்டுமன்று. அது கண்காணிப்பின் வட்டமுமாகும். ஆகவே, கிராமத்து இரவை ஒழித்து, யாவரும் நகரத்துக் கொட்டகைக்கோ, 2013இல் யாழ் நகரில் வந்த பல்திரை அரங்குக்கோ செல்வதே மேல் என்பர் சிலர். அதுவும் வேண்டா, ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி உண்டு, தனித்திருந்து பார்க்கலாம் என்பர் வேறு சிலர்.

இவ்வாதத்தின் முற்பாதி உண்மை, பிற்பாதி உண்மையன்று. கொட்டகையின் இருள் அருகருகே இருத்தியது. ஆயின் ஒருவரோடொருவர் பேசவைக்கவில்லை. விளக்கு எரிந்ததும் யாவரும் தத்தம் குறிச்சிக்குத் திரும்பினர். மறுநாட் காலையில் தேநீர்க் கடையில் தனிக் குவளை தனிக் குவளையாகவே இருந்தது. முகமறியாத சமத்துவம் முகமறிந்த இடத்தில் ஒரு கணமும் நிலைக்கவில்லை என்பதற்கு 1960களின் யாழ்ப்பாணமே சான்று. கொட்டகைகள் நிரம்பி வழிந்த அதே காலத்திலேயே கோவில் வாசலில் மனிதர் மனிதரைத் தடுத்தனர். கைத்தொலைபேசியோ அந்த அருகிருப்பையும் இல்லாமற் செய்துவிட்டது. அதில் வேலிக்கு வெளியே நிற்பவர் எவருமில்லை. உள்ளே இருப்பவர் எவருமில்லை. வேலி மட்டும் அப்படியே இருக்கின்றது. தனித்திருந்து பார்ப்பதால் கண்காணிப்பு நீங்கலாம். கண்காணிப்பவருக்குப் பதில் சொல்லும் வலிமை பிறப்பதில்லை. கிராமத்துக்கு வேண்டியது முகத்தை மறைத்துக்கொண்டு பெறும் சமத்துவமன்று. முகமறிந்தவர் நடுவே பெறும் சமத்துவமாகும். அதனைப் பயில்வதற்கு முகமறிந்தவர் கூடும் சிறு வெளியே களம். கிராமத்துத் திரைப்பட இரவின் நியாயம் இதுவே. நிலவன்று, பனையன்று, பழைமை நினைவுமன்று.

இகழும் சாராருக்கும் விடை கூறவேண்டியுள்ளது. கிராமத்தார் நல்ல படத்தை விரும்பார் என்போர், நல்ல படம் கிராமத்துக்கு எப்போது சென்றதென்று கூறவேண்டும். ஈழத்துத் தமிழ்ப்படங்களின் கதை நீண்டதன்று. 1962இல் ‘சமுதாயம்’, 1963இல் ‘தோட்டக்காரி’, 1972இல் வி. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’, காவலூர் இராஜதுரையின் எழுத்தில் தர்மசேன பத்திராஜா நெறிப்படுத்திய ‘பொன்மணி’, செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 1978இல் வந்த ‘வாடைக்காற்று’ என விரல்விட்டு எண்ணக்கூடியவையே அவை. அவற்றுள் ‘பொன்மணி’ யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் சீதனச் சுமையையும் சாதிச் செருக்கையும் எவ்வித அலங்காரமுமின்றிக் காட்டியது. நெறியாளர் சிங்களவர், யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். அப்படம் கொட்டகைகளில் வெற்றி பெறவில்லை. சென்னைப் படங்களுக்குப் பழகிய பெருங்கூட்டத்தின் முன், இடைவேளை விளம்பரங்களின் நடுவே, சில நாள் ஓடி மறைந்த படத்தைக் கிராமத்தார் நிராகரித்தனர் என்று தீர்ப்புச் சொல்வது எவ்வகை நீதி? அதனைக் காணும் வாய்ப்பே பெறாத ஊர்கள் எத்தனை? கதையின் ஒவ்வொரு வேலியையும் ஒவ்வொரு வாசலையும் அடையாளங்காணக் கூடிய மக்களுக்கு அது காட்டப்படாமல், திறனாய்வுக் கட்டுரைகளில் மட்டும் வாழ்கின்றது.

இதற்குக் காரணம் சுவைக்குறைவன்று, கிடைக்காமையே. 1983 யூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது இலங்கைத் திரைப்படத்தின் மூலப்பிரதிகள் பல சாம்பராயின. எஞ்சியவற்றைப் பேணிப் பரப்பும் பொறுப்பைத் தமிழ் நிறுவனம் எதுவும் முறையாக ஏற்கவில்லை. ‘அலை’ சஞ்சிகையின் ஆசிரியர் அ. யேசுராசா போன்றோர் திரைப்பட வட்டம் அமைத்து நல்ல படங்களை யாழ் நகருக்குக் கொணர்ந்த முயற்சி போற்றத் தக்கது. ஆயினும், அத்தகைய முயற்சிகள் நகரத்து எல்லையைத் தாண்டி ஒழுங்கைகளுக்குள் நுழையும் முன்னரே காலம் குரூரமாயிற்று. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா உலகப் படங்களை நகருக்குக் கொண்டுவந்தது. அது நற்பணி. ஆயின், பல்கலைக்கழகத்தின் கைலாசபதி அரங்கில் காட்டப்படும் படத்தை, மாலை பஸ் தவறினால் வீடு திரும்ப முடியாத வடமராட்சி கிழக்குப் பெண்ணோ தீவகத்து மீனவரோ எங்ஙனம் பார்ப்பர்? விழா மக்களை அழைக்கின்றது, மக்களிடம் செல்வதில்லை.

அவ்விழாவின் வரலாற்றிலேயே, நிலமும் தெரிவும் யாருடையன என்னும் கேள்வி கூர்மையாக எழுந்த தருணம் ஒன்றுண்டு. யூட் ரட்ணம் இயக்கி, 2017இல் கான் திரைப்பட விழாவிற் காட்டப்பட்ட ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ என்னும் ஆவணப்படம், தமிழ் இயக்கங்களின் உள்மோதல்களையும் வன்முறையையும் பேசியது. 2018 ஒக்டோபரில் யாழ்ப்பாண விழாவில் காட்டப்படவிருந்த அப்படம் எதிர்ப்பின் காரணமாக நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. எதிர்த்தவரின் வேதனை பொய்யென்று கூறுதல் தகாது. போரின் இறுதியில் உறவுகளை இழந்தவர், தம் இழப்பு முழுமையாகச் சொல்லப்படாத நிலையில், தம்மவர் தவறுகள் முதலில் சொல்லப்படுவதை ஏற்க மறுத்தது விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆதரித்தவரின் வாதமும் பொய்யன்று. தன் காயத்தைத் தானே பார்க்க அஞ்சும் சமூகம் அக்காயத்தை ஆற்ற மாட்டாது. ஆயின், இரு தரப்பாரும் செய்தித்தாளிலும் இணையத்திலும் வாதிட்டுக்கொண்டிருக்க, படத்தில் பேசப்பட்ட ஊர்களின் மக்கள் அதனைப் பார்க்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அவர்கள் சார்பில் காட்டவும் தீர்மானிக்கப்பட்டது. அவர்கள் சார்பில் நிறுத்தவும் தீர்மானிக்கப்பட்டது. பார்த்தபின் மறுக்கும் உரிமையைப் பாராமலே மறுப்பவர் பறித்துக்கொண்டனர்.

கருத்து மாறுபாட்டுக்கு உரிய படங்களைக் காண்பதற்குப் பெருவிழா மேடை தக்க இடமன்று. அங்கு ஒவ்வொரு காட்சியும் அறிக்கையாகின்றது; ஒவ்வொரு கைதட்டலும் நிலைப்பாடாகின்றது. ஐம்பது பேர் கூடிய முற்றத்தில், மகனை இழந்த தாயொருத்தி எழுந்து, படம் சொல்வது பிழை, நடந்தது இதுவன்று என்று கூறுவாளாயின், அக்கூற்றுக்கு விடை சொல்லாது எவரும் எழுந்து செல்ல முடியாது. அவள் நாளையும் அதே கிணற்றடியில் எதிர்ப்படுவாள். சிறுமையின் வலிமை இதுவே. பெருங்கூட்டத்தில் கருத்து உண்டு, பொறுப்பில்லை. சிறு கூட்டத்தில் கருத்துக்குப் பொறுப்பும் உண்டு. நெருக்கம் என்னும் சொல்லுக்கு யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் ஏதேனும் பொருளுண்டாயின், அது இப்பொறுப்பே.

ஆகவே, கிராமத்துத் திரைப்பட இரவு வேண்டும். ஆனால், இன்றுள்ள வடிவில் அன்று. அதன் வடிவம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதையும் கூறாது விடுதல் விவாதத்தை அரைகுறையாக விடுவதாகும். முதலாவது, நிலம். முதற் காட்சி கோவில் வீதியிலோ பிரமுகர் வளவிலோ நிகழலாகாது. வரத் தயங்குபவரின் குறிச்சியிலேயே, அவர்தம் சனசமூக நிலையத்து முற்றத்திலேயே நிகழ்தல் வேண்டும். ஒடுக்கப்பட்டோரை உயர்ந்தோரின் வெளிக்கு அழைத்து அதனைச் சீர்திருத்தமென்று கொண்டாடிய காலம் போதும். அழைக்கப்படுபவர் மறுதரப்பாராகட்டும், விருந்தினராய் வந்து, ஒடுக்கப்பட்டவர் விரித்த பாயில் அமர்ந்து, அவர் ஊற்றும் தேநீரை அருந்தட்டும். வராதவர் யாரென்பதை ஊர் அறியட்டும். அதன்பின் காட்சி குறிச்சிக்குக் குறிச்சி மாறிச் செல்லட்டும். குடாநாட்டில் ஊர்தோறும் உள்ள சனசமூக நிலையங்கள் இப்பணிக்கென்றே பிறந்தவை போல்வன. பத்திரிகை வாசிக்கும் வாங்குகளாக மட்டும் அவை சுருங்கிக் கிடக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, இருக்கை. முதியோருக்கும் உடல் நலிந்தோருக்கும் அன்றி வேறெவருக்கும் கதிரை இடலாகாது. விளக்கேற்றலும் மாலையும் பொன்னாடையும் விலக்கப்படல் வேண்டும். மூன்றாவது, தெரிவு. எந்தப் படம் என்பதைப் பார்ப்பவரே தீர்மானித்தல் வேண்டும். அத்தீர்மானத்தில் பெண்கள் சரிபாதியாக இருத்தல் வேண்டும். ஊரார் ஒரு படத்தையும் மாணவர் ஒரு படத்தையும் மாறி மாறித் தெரிவது நேர்மையான உடன்படிக்கை. ஊரார் எம். ஜி. ஆர். படத்தைக் கேட்பாராயின் அதனையும் முழுமையாகப் பார்த்து, ஏன் அது அவர்களை ஈர்த்தது என்பதை அவர்களிடமே கேட்டறிதல் மாணவர்க்குக் கல்வியாகும். மாணவர் சத்தியஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைக் காட்டுவாராயின், அரைவழியில் எழுந்து செல்லும் உரிமையும் ஊராருக்கு உண்டு. தமிழ் உபதலைப்புடன் சிங்களப் படங்களும் இவ்வரிசையில் இடம்பெறல் வேண்டும். அயலாரை அறியாதிருத்தல் பெருமையன்று.

நான்காவது, நேரம். விடிய விடியப் படம் ஓட்டும் வழக்கம் ஆண்களின் வழக்கமாகவே முடிந்தது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஏழு மணிக்குள் இருள் சூழ்ந்துவிடுகின்றது. இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாது என உயர் நீதிமன்றம் 2007இல் விதித்ததும் உண்டு. ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடித்து, ஒரு மணி நேரம் பேசி, பெண்களும் பிள்ளைகளும் ஒழுங்கை வெளிச்சத்தில் வீடு சேர்வதே முறை. பருவத்தையும் கருத வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்குரியன; வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களில் பனைகளுக்கிடையே கட்டிய துணி பாய்மரம் போலாகும். அக்காலத்தில் வெள்ளையடித்த மதிலே சிறந்த திரை. மனிதரைப் பிரிக்கக் கட்டிய மதில் அவ்வகையிலேனும் பயன்படட்டும்.

ஐந்தாவது, பணம். கேரளத்தில் ஜோன் ஏபிரகாமும் நண்பர்களும் 1984இல் அமைத்த ஒடேசா கூட்டமைப்பு, ஊர் ஊராகச் சென்று 16 மி.மீ. படங்களைக் காட்டி, மக்களிடம் சிறு தொகைகளைச் சேர்த்தது. அப்பணத்திலேயே 1986இல் ‘அம்ம அறியான்’ உருவாயிற்று. வறுமை மிக்க கிராமங்கள் ஒரு முழுநீளப் படத்தையே தயாரிக்க முடியுமாயின், ஒரு புரொஜெக்டரையும் ஒலிபெருக்கியையும் வாடகைக்குப் பெற யாழ்ப்பாணத்து ஊர்கள் புலம்பெயர்ந்தோரின் காசோலைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பிறர் பணம் வரும் வழியிலேயே பிறர் தெரிவும் வந்துவிடும். படத்துக்கு உரியவரின் அனுமதியைப் பெறுதலும், 1912ஆம் ஆண்டின் பொது அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டம் முதலாக அரசு விதித்துவந்த முன் அனுமதி முறைகளை அறிந்து செயற்படுதலும் அவசியமே. ஆயின், மறைவாக நடத்துவதற்கு இதில் எதுவுமில்லை. மக்கள் வெளிப்படையாகக் கூடிப் படம் பார்த்துப் பேசுவதைத் தடுப்பவர், எதனைத் தடுக்கின்றோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லட்டும்.

ஆறாவதும் முதன்மையானதும் பேச்சு. படம் முடிந்ததும் விளக்கை ஏற்றி, அவரவர் இருந்த இடத்திலேயே இருந்து பேசுதல் வேண்டும். முதலிற் பேசுபவர் ஆசிரியரோ விரிவுரையாளரோ ஆகலாகாது. கற்றோர் முதலிற் பேசினால் மற்றோர் கேட்போராகி விடுவர். இது யாழ்ப்பாணத்துக் கூட்டங்கள் யாவற்றிலும் காணும் நோய். வாய் திறவாதவர் ஒருவர் வாய் திறந்தால் அவ்விரவு வெற்றி பெற்றது. படம் பிடிக்கவில்லை என்று மட்டும் அவர் சொன்னாலும் வெற்றியே.

இப்பணியில் பல்கலைக்கழகத்தின் கடமை தெளிவானது. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றனர். அரங்க வசதி இல்லை, பாதுகாப்பு இல்லை, நாளை என்ன நிகழும் என்ற உறுதியும் இல்லை. ஆயினும் சென்றனர், மக்கள் அதனைத் தம் கதையாகக் கண்டனர். இன்று புரொஜெக்டர் ஒன்று புத்தகப் பையில் அடங்கும். அன்று நடிகர் குழு முழுவதையும் ஏற்றிச் சென்றவரின் வழித்தோன்றல்கள், இன்று அந்தப் பையை ஒரு சைக்கிளில் ஏற்றிச் செல்லத் தயங்குவாராயின், குறை வசதியில் அன்று, மனத்தில் உள்ளது. நாடகவியலும் திரைப்படவியலும் கற்பிக்கும் வகுப்பறை, பல்கலைக்கழக மதிலுக்கு வெளியே அரை மைல் தொலைவிலுள்ள குறிச்சியில் என்ன படம் பார்க்கப்படுகின்றது என்பதை அறியாதிருப்பது கல்வியின் இலட்சணமன்று.

திரைப்பட இரவொன்றினால் சாதி ஒழிந்துவிடும் என்றோ, போரின் வடு ஆறிவிடும் என்றோ கூறுவது மிகையாகும். அத்தகைய வாக்குறுதிகளை நிதி கோரும் விண்ணப்பங்களுக்கு விட்டுவிடலாம். இங்கு கூறப்படுவது அடக்கமானது. ஆனால், செய்வதற்குக் கடினமானது. ஓர் ஊரில், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்த ஐம்பது பேர், எவருடைய தயவுமின்றி வந்து, ஒரே நிலத்தில் ஒரே மட்டத்தில் அமர்ந்து, தாம் தெரிந்த படத்தைப் பார்த்து, அஞ்சாது பேசிவிட்டுச் செல்லட்டும். அவ்வாறு ஓரிரவு நிகழ்ந்த ஊரையே திறந்த வெளி உள்ள ஊர் எனலாம். ஏனைய ஊர்களில் இருப்பது கூரையில்லாத மாளிகை மட்டுமே; அதன் வாசலில் நிற்பவர் அன்று நின்றவரே, அவரைத் தடுக்கும் படலையும் அன்றிருந்த படலையே.